ஆயாவின் பெட்டியில் இருந்த நகரம்

சிகாகோ நகரின் மிச்சிகன் அவென்யூவில் 1897-ம் ஆண்டு கட்டிய பெரிய கட்டடம் ஒன்று இருக்கிறது. முதலில் அது நகரத்தின் பொது நூலகமாக இருந்தது. உள்ளே நிமிர்ந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடிகளால் ஆன ஒரு கூம்பு மாடம். பார்க்க வருகிறவர்கள் கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து நிற்பார்கள். இப்போது அதற்குக் கலாசார மையம் என்று பெயர். டிக்கெட் கிடையாது. யாரும் போகலாம், வரலாம்.

அந்தக் கட்டடத்தில் 2011 ஜனவரி 7-ந் தேதி ஒரு புகைப்படக் கண்காட்சி ஆரம்பமாயிற்று. கறுப்பு வெள்ளைப் படங்கள். பெரும்பாலும் அதே சிகாகோவின் தெருக்களில் எடுத்தவை. கடைவீதியில் நடக்கும் சீமாட்டிகள், நடைபாதையில் தூங்கும் குடிகாரர்கள், கன்னத்தில் கண்ணீரும் அழுக்கும் காயாத சிறுவர்கள், பஸ்ஸில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணயர்ந்த வயோதிகத் தம்பதி.

கண்காட்சி என்றால் கலைஞர் வாசலில் நின்று கைகுலுக்குவார். இங்கே கலைஞர் இல்லை. விவியன் மையர் என்ற அந்த அம்மையார் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. தம்முடைய படங்களைச் சுவரில் மாட்டப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வெளியார் கையில் அவை போய்ச் சேர்ந்ததாவது தெரியுமா என்பதே சந்தேகம்.

அவர் புகைப்படம் எடுத்துப் பிழைத்தவர் அல்ல. பணக்கார வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதுதான் அவர் தொழில்.

ஏலத்தில் போன பெட்டி

விஷயம் வெளியே வந்ததே வாடகைப் பாக்கியால்தான்.

அமெரிக்க நகரங்களில் வீட்டில் இடமில்லாதவர்கள் தங்கள் சாமான்களை மாத வாடகைக் கிடங்குகளில் போட்டு வைப்பது வழக்கம். வாடகை கட்டாமல் விட்டால் கிடங்குக்காரர் பூட்டை உடைத்து உள்ளே இருப்பதை ஏலம் விட்டுவிடுவார். விவியன் அம்மையார் வயதான காலத்தில் அப்படிச் சில அறைகளை எடுத்து, பெட்டி பெட்டியாகச் சாமான்களை அடைத்து வைத்திருந்தார். பாக்கி விழுந்தது. 2007-ல் எல்லாம் ஏலத்துக்குப் போயிற்று.

அந்த ஏலத்துக்கு வந்தவர்களில் ஜான் மலூஃப் என்ற இளைஞர் ஒருவர். வீடு, மனை வாங்கி விற்கும் தரகு வேலை. தம் பேட்டையைப் பற்றி ஒரு சரித்திரப் புத்தகம் எழுதிக் கொண்டிருந்தார். அதில் போடப் பழைய படங்கள் கிடைக்குமா என்று தேடி வந்தவர், சுமார் 400 டாலருக்கு ஒரு பெட்டியை எடுத்தார். அதில் இருந்தவை சுமார் 30,000 நெகடிவ்கள். புரட்டிப் பார்த்தார், புத்தகத்துக்கு வேண்டிய இடங்கள் எதுவும் அகப்படவில்லை. பெட்டியை அலமாரிக்குள் தள்ளி வைத்துவிட்டார்!

பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, இது சாமானியரின் கைவேலை இல்லை என்று அவருக்குத் தட்டுப்பட்டது. அதே ஏலத்தில் மற்றவர்கள் வாங்கிப் போன பெட்டிகளையும் தேடிப் பிடித்து வாங்கத் தொடங்கினார். ஒரு உறையின் மேல் எழுதியிருந்த பெயரை வைத்துக்கொண்டு 2009-ல் கணினியில் தேடினார். கிடைத்தது ஒரு மரண அறிவிப்பு. அது பத்திரிகையில் வெளியாகிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. 2009 ஏப்ரல் 21-ந் தேதி, 83-வது வயதில் அம்மையார் காலமாகியிருந்தார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டவர் பிறகு எழுந்து நடமாடவே இல்லை.

பெட்டி கைக்கு வந்து இரண்டு ஆண்டுகள். அதுவரை அதே நகரத்தில் அவர் உயிருடன் இருந்திருக்கிறார். இதைப் படிக்கும்போது மனம் சற்றுக் கனக்கத்தான் செய்கிறது.

அந்த மரண அறிவிப்பைக் கொடுத்தவர்கள் உறவினர்கள் அல்ல. அவர் கையில் வளர்ந்த மூன்று சகோதரர்கள். தங்களுக்கு இன்னொரு தாய் என்று அவரைச் சொல்லியிருந்தார்கள். கடைசிக் காலத்தில் அவர் தங்கியிருந்த வீட்டுக்கு வாடகை கொடுத்ததும் அவர்கள்தான். கிடங்கில் என்ன இருந்தது என்பது அவர்களுக்கும் தெரியாது.

அவர் யார்?

1926 பிப்ரவரி 1-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். தாய் பிரெஞ்சுக்காரி, தகப்பன் ஆஸ்திரிய வம்சம். தகப்பன் சீக்கிரமே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பெண் குழந்தை தாயோடு பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக் கிராமத்திலும் நியூயார்க்கிலுமாக மாறி மாறி வளர்ந்தது. சிறு பிராயத்தில் கொஞ்ச காலம் ஒரு பெண் புகைப்படக் கலைஞர் இருந்த வீட்டில் தாயும் மகளும் குடியிருந்திருக்கிறார்கள். காமிரா மீது ஆசை அங்கே தொற்றிற்றோ என்னவோ.

1950-ல், தமக்கு வந்த குடும்பச் சொத்தை விற்க மறுபடி பிரான்ஸ் போனார். அப்போது கையில் இருந்தது சாதாரண டப்பா காமிரா. திரும்பி வந்து நியூயார்க்கில் தையல் கூடத்தில் சில நாட்கள் வேலை பார்த்தார். வெயிலைப் பார்க்காமல் உட்கார்ந்து செய்யும் அந்த வேலை பிடிக்காமல் ஆயா வேலைக்கு வந்தார். 1952-ல் ரோலிஃப்ளெக்ஸ் காமிரா வாங்கினார். அது ஜெர்மன் சரக்கு, விலை அதிகம். வீட்டு வேலை செய்கிற பெண் அதை வாங்க எத்தனை மாதச் சம்பளத்தை மிச்சம் பிடித்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1956-ல் சிகாகோ வந்தார். நகருக்கு வடக்கே, ஏரிக்கரையை ஒட்டிய பணக்காரப் பேட்டையில் மூன்று பையன்கள் இருந்த வீட்டில் வேலை. தனிக் குளியலறை ஒன்று அவருக்கென்று கொடுத்திருந்தார்கள். அதையே இருட்டறையாக்கி, படங்களைக் கழுவிப் பிரதி எடுத்தார். 1959-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக உலகம் சுற்றப் போனார். பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, எகிப்து, இத்தாலி என்று போன அந்தப் பயணத்தில் நம் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். திரும்பிப் போய்க் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வேலையைத் தொடர்ந்தார்.

பார்ப்பதற்கு ஒரு மாதிரியான பெண்மணி. உயரம். ஆண்கள் போடும் பூட்சு, முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளிக் கோட்டு, அகலத் தொப்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போகிற வீட்டில் முதல் நிபந்தனை, தம் அறைக்குப் பூட்டு வேண்டும் என்பதுதான். கடைகளில் பெயர் கேட்டால் 'ஸ்மித்' என்று சொல்லிவிடுவார். பத்திரிகைகளைத் தூக்கி எறிய மாட்டார். அறை முழுவதும் ஆள் உயரத்துக்குப் பழைய செய்தித்தாள் அடுக்கி வைத்திருப்பார். (பத்திரிகை எழுதிப் பிழைக்கிற நமக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டாக இதுவும் ஒரு காரணம்.)

அவரிடம் வளர்ந்த குழந்தைகள் எல்லாரும் அவரைப் போற்றுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. வளர்ந்தபின் சிலர் அவரைத் தேவதை என்றார்கள். சிலர் கடுமையானவர், கை நீட்டுகிறவர் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். நம் வீட்டுப் பாட்டிகளிலும் அப்படி உண்டு.

வயிற்றின் மேல் ஒரு கண்

அந்தக் காமிராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்றக் காமிராக்களைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறோம். ரோலிஃப்ளெக்ஸ் அப்படி அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்சுகள். கழுத்தில் வாரைப் போட்டு, வயிற்றுக்கு நேரே பெட்டியைத் தொங்கவிட்டு, மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்க்க வேண்டும். தேய்த்த கண்ணாடியில் காட்சி தெரியும். இடம் வலமாக, வலம் இடமாகத் தெரியும். கீழ் லென்சு படம் பிடிக்கும். ஷட்டர் சத்தம் 'டிக்' என்பதோடு சரி. இந்த இனத்துக் காமிராவை நம் மூத்த வாசகர்கள் அந்தக் காலக் கல்யாண வீடுகளில் பார்த்திருப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்கு முன்னால் ஸ்டூடியோக்காரர் கும்பிடுகிற மாதிரி தலையைக் குனிந்து நிற்பாரே, அதேதான்.

தெருவில் படம் எடுக்க இது பெரிய வசதி. எதிரே நிற்கும் ஆளைக் கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை. குனிந்து ஏதோ தேடுகிற மாதிரி இருக்கும், படம் விழுந்துவிடும். ஒரு ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள்தான். அதனால் ஒரே காட்சியைப் பத்துத் தரம் சுட்டுத் தள்ள முடியாது. விவியன் அம்மையார் பெரும்பாலும் ஒரே ஒரு தரம்தான் அழுத்தியிருக்கிறார். நெகடிவ்களை வரிசையாகப் பார்த்தவர்கள் இதைக் கண்டு வியக்கிறார்கள்.

நமக்கு இன்னொன்று தோன்றுகிறது. வயிற்றுக்கு நேரே தொங்கும் லென்சின் உயரம் என்ன? ஏழெட்டு வயதுக் குழந்தையின் கண் உயரம். ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பையனுக்கு நகரம் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் இந்தப் படங்களில் தெரிகிறது. பெரிய மனிதர்கள் மேலும் பெரியவர்களாக, மூக்கையும் முகவாயையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கழுத்தில் மென்மயிர்த் துண்டைச் சுற்றிக்கொண்ட கிழவிகள், 'யார் நீ?' என்று மேலிருந்து முறைக்கிறார்கள். குழந்தைகள் மட்டும் சமமாக நின்று நேராகப் பார்க்கிறார்கள்.

எந்த நேரத்து நகரம் அது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆயாவுக்கு ஓய்வு கிடைப்பது விடுமுறை நாளில். மற்ற நாட்களில் குழந்தைகளையும் இழுத்துக்கொண்டுதான் போயாக வேண்டும். ஆபீஸ்காரர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு தெருவில் மிஞ்சுவது யார்? வேலை இல்லாதவர்கள், வேலைக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள், வயோதிகர்கள், குழந்தைகள், வேறு வீட்டு வேலைக்காரிகள், மூட்டை தூக்குகிறவர்கள். காலை பதினோரு மணிக்கு தாதரிலோ சயானிலோ தெருவில் நின்று பார்த்தால் நமக்கும் இந்த உலகம் தெரியும். சிகாகோவின் உயரமான கட்டடங்களைப் படம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். விவியன் அம்மையார் அவற்றை அண்ணாந்து பார்த்ததாகவே தெரியவில்லை. கட்டடத்தின் அடியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளைச் சேரிப்பக்கமும், மாட்டுத் தொட்டிப்பக்கமும் அழைத்துப் போய்விடுவார். அவர்களுடைய தாய்மார்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

கண்காட்சி நடந்த மண்டபத்தை விட்டு இறங்கினால் அவர் நடந்த தெருக்கள். பார்க்க வந்தவர்களில் வயதானவர்கள் இது எந்த முனை, எந்தக் கடை என்று படத்துக்குப் படம் நின்று அடையாளம் கண்டிருப்பார்கள். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2011-ல் வெளிவந்த புத்தகத்திலும், 2013-ல் வந்து ஆஸ்கார் போட்டி வரை போன செய்திப் படத்திலும்தான் பார்த்தோம். ஆனாலும் ஒரு படத்தை மறக்க முடியவில்லை. ஒரு ஆணும் பெண்ணும் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். முகம் இல்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் கைகள் மட்டும் கோத்திருக்கின்றன. முன்னால் நிற்கிற ஊருக்குத் தெரியாது. பின்னால் நின்ற ஆயாவுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் படம்.

யாருக்குச் சொந்தம்?

இனிதான் சங்கடமான பகுதி.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகடிவ்களில் மிகச் சிலவற்றைத்தான் அவர் பிரதி எடுத்துப் பார்த்தார். இடம் மாறி இடம் மாறி வேலை பார்த்த காலத்தில் இருட்டறை கிடைக்கவில்லை. கழுவாத ரோல்களே நூற்றுக்கணக்கில் கிடந்தன. படம் எடுத்தார்; ஆனால் அது எப்படி வந்தது என்று அவரே பார்க்கவில்லை. நாம் இன்று பார்த்து வியக்கும் பிரதிகளில் பெரும்பாலானவை அவர் போட்டவை அல்ல. அவருடைய மறைவுக்குப் பிறகு மற்றவர்கள் தேர்ந்தெடுத்து, மற்றவர்கள் அச்சிட்டவை. அவரே போட்ட பிரதிகள் சிறியவை. பலவற்றில் ஓரங்களை வெட்டித் தம் விருப்பப்படி காட்சியை நெருக்கி வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டிருந்தால் வேறு படங்களை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

அறைக்குப் பூட்டுப் போட்டு, பெயரை மறைத்து வாழ்ந்த ஒருவருடைய பெட்டியை உலகத்துக்குத் திறந்து காட்டுவது நியாயமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பெட்டியிலேயே இதற்கு ஒரு பதிலும் கிடைத்தது. பிரான்சில் தம் தாயின் ஊர்ப்பக்கம் இருந்த ஸ்டூடியோக்காரர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் அது. தம்முடைய படங்களைப் பிரதி போட்டுத் தர முடியுமா, தாள் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் கேட்டிருக்கிறார். அப்படியானால் தம் படங்கள் நல்லவை என்று அவருக்குத் தெரியும். யாருக்கும் காட்டக் கூடாது என்று சபதம் ஒன்றும் செய்துகொள்ளவில்லை. காட்ட வழியும் கையில் காசும் இல்லாமல் போயிருக்கலாம் என்பது நம் எண்ணம். ஆயா எடுத்த போட்டோ என்று சொன்னால் எந்தக் கண்காட்சிக்காரர் கதவைத் திறந்திருப்பார்?

பணம் வந்த இடத்தில் வழக்கும் வந்தது. ஒரு பிரதி ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றது. ஏலத்தில் வாங்கியவர் பெட்டிக்குச் சொந்தக்காரர், நெகடிவ்க்கும் சொந்தக்காரர். ஆனால் அந்தப் படத்தை அச்சிட்டு விற்கும் உரிமை? அது வேறு. எடுத்தவருக்கே அந்த உரிமை. அவருக்குப் பிறகு வாரிசுக்கு. அமெரிக்கச் சட்டப்படி எடுத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை அது செல்லும். அந்தக் கணக்கில் 2079-ம் ஆண்டு முடியும் வரை. உயில் கிடையாது, கணவர் கிடையாது, குழந்தை கிடையாது. கூடப் பிறந்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவரும் 1977-லேயே இறந்துவிட்டார். மலூஃப் பிரான்சில் ஒரு தாயாதியைக் கண்டுபிடித்துப் பணம் கொடுத்து உரிமை வாங்கினார். 2014-ல் ஒரு வக்கீல் புறப்பட்டு, அதே ஊர்ப்பக்கம் அவரைவிட நெருங்கிய வாரிசு இருக்கிறார் என்று மனுப் போட்டார். கடைசியில் வாரிசு இல்லாச் சொத்துக்களைக் கவனிக்கும் கவுண்டி அதிகாரி அம்மையாரின் சொத்துக்குப் பொறுப்பு எடுத்துக்கொண்டார். 2016-ல் மலூஃபுடன் ஒரு உடன்பாடு ஆயிற்று. அதன் விவரம் வெளியிடப்படவில்லை.

மலூஃபை ஒரேயடியாகக் குறை சொல்வதும் சரியல்ல. அவர் கையில் அகப்படாமல் பழைய சாமான் கடைக்குப் போயிருந்தால் அந்த நெகடிவ்கள் குப்பையோடு போயிருக்கும். வாங்கியவர்களில் அவர்தான் சிதறிய பெட்டிகளைத் தேடித் தேடி ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை ஒரே இடத்தில் சேர்த்தார். ஆனால் கிடங்கு வாடகைக்கு ஆகியிருக்கக் கூடிய சொற்பப் பணம் அம்மையார் கையில் அப்போது இல்லை என்பதும் உண்மை.

நம் நாட்டில் 2012-ல் திருத்திய சட்டப்படி, படம் எடுத்தவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. வீட்டுப் பரணில் தாத்தா எடுத்த நெகடிவ்கள் கிடந்தால் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போடும் முன் ஒரு தரம் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஈரத்தில் பூசணம் பிடித்துவிட்டால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மும்பை மழைக்காலம் அதற்குப் பெரிய எமன்.

நம் ஊரில் ஒருவர்

இந்த இடத்தில் நம் மும்பைக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று பெயர் பெற்ற ஹோமாய் வியாரவல்லா. 1913-ல் நவ்சாரியில் பிறந்த பார்சிப் பெண்மணி. இங்கே ஜே.ஜே. கலைக் கல்லூரியில் படித்தார். 1930-களின் இறுதியில் இந்நகரின் வாழ்க்கையைப் படம் எடுத்தார். அவரும் ரோலிஃப்ளெக்ஸ் வைத்திருந்தவர்தான். தொடக்கத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில் வெளியாயின. பெண் பெயரைப் போட்டால் யார் மதிப்பார்கள் என்ற காலம். பிறகு தில்லிக்குப் போய் நேரு, மவுண்ட்பேட்டன் என்று பெரிய தலைவர்களைப் படம் எடுத்துப் புகழ் பெற்றார். 1970-ல் காமிராவைக் கீழே வைத்தார். 2010-ல் தேசிய நவீன கலைக்கூடம் அவருடைய படங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தபோது அவர் உயிருடன் இருந்தார். மறு ஆண்டு பத்மவிபூஷண் விருதும் வந்தது. 2012 ஜனவரியில் காலமானார்.

அவருக்குத் தாமதமாகவேனும் கிடைத்தது. சிகாகோ ஆயாவுக்கு அதுவும் இல்லை.

ஆனால் விவியன் அம்மையார் தம்மை முழுவதும் மறைத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. தம்மைத் தாமே எடுத்த படங்கள் ஏராளம். கடைக் கண்ணாடியில், தள்ளிவிட்ட தட்டுமுட்டுச் சாமானின் பளபளப்பில், புல்தரையில் விழுந்த தொப்பி நிழலில் எல்லாம் அவர் இருக்கிறார். முகத்தில் சிரிப்பு கிடையாது. 1955-ல் எடுத்த படம் ஒன்று. தெருவில் ஒரு கூலியாள் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறார். அவருக்கு அதன் கனம் ஒன்றுதான் கவலை. அந்தக் கண்ணாடிக்குள் ஒரு நொடி, கழுத்தில் காமிராவோடு, நேராக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் விவியன்.